காங்கேசன்துறையில படம் பார்த்த சனம்

காங்கேசன்துறை எண்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், வெளிச்சவீடு. எங்கட அம்மம்மாவுக்கு முதல்ல வாறது தியேட்டர். ராஜநாயகி, யாழ் எண்ட ரெண்டு பேரையும் சொல்லாமல் அவ ஊர்க்கதை கதைக்கமாட்டா.

ஒரு கரையோர ஊர் தியேட்டர் வைச்சு நடத்தக்கூடியதா எப்பிடி இருந்தது? 1905இல் கொழும்பிலிருந்து வந்த ரயில் பாதையின் வடக்குக் கோடி காங்கேசன்துறைதான். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கினது. மாதச் சம்பளம் எடுக்கிற தொழிலாளர், துறைமுகத்தில வேலை செய்யிறவை, கடற்தொழில் செய்யிற குடும்பங்கள், கீரிமலைக்கு வந்து போற ஆக்கள் எண்டு ஊர் எப்பவும் சனமாய் இருந்தது. எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ பார்க்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போகோணும் எண்டில்லை. கலரியில இருந்தவையும் பல்கனியில இருந்தவையும் ஒரே இடத்தில சிரிச்சு, ஒரே இடத்தில அழுதிருப்பினம்.

உலகத்தில கனக்கத் தியேட்டர்கள் மூடுப்பட்டதுக்குப் பொதுவான காரணம் ஒண்டு இருக்கு: சனம் வாறது குறைஞ்சு போச்சு. முதல்ல தொலைக்காட்சி, பிறகு வீடியோ, இப்ப போன். காங்கேசன்துறைக் கதை வேறை. இங்க தியேட்டரை விட்டுச் சனம் போகேல்லை. ஊரை விட்டே போகவேண்டி வந்தது. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்க, வலிகாமம் வடக்குச் சனம் கையில கிடைச்சதோட வெளிக்கிட்டது. சீமெந்துத் தொழிற்சாலை நிண்டது, ரயில் நிண்டது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாச்சு. ரயில் திரும்பக் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். இருபத்தைஞ்சு வருசம் எண்டால் ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறைக்குத் தன்ர ஊர்த் தியேட்டர் எப்பிடி இருந்தது எண்டே தெரியாது.

யாழ்ப்பாணம் ரவுணில கோட்டையடி ரீகலும் போரில அழிஞ்சதுதான். ஆனால் ராஜாவும் மனோகராவும் போருக்குப் பிறகும் படம் ஓட்டின. அங்க திரும்பிவரச் சனம் இருந்தது.

ஈழத்துச் சினிமா வரலாறு எண்டால் நாங்கள் படங்களைப் பற்றித்தான் எழுதுறம். ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978). அது தேவைதான். ஆனால் படம் ஓடின இடத்தையும் அதைப் பார்த்த சனத்தையும் ஆர் எழுதுறது? ரிக்கெற் கிழிச்சவர், புரொஜெக்டர் ஓட்டினவர், நோட்டீஸ் ஒட்டினவர், இடைவேளையில கச்சான் வித்த ஆச்சி: இவையின்ர பேர் ஒரு புத்தகத்திலயும் இல்லாமல் போயிடும்.

காணி விடுபட்டால் வீடு திரும்பக் கட்டலாம். ஊர்ச்சனம் ஒண்டாய்க் கூடியிருந்த இடத்தின்ர கதை அப்பிடி இல்லை. அது இப்ப எழுபது, எண்பது வயசாக்களின்ர வாயில மட்டும்தான் இருக்கு. அவையில கனபேர் கொழும்பில, லண்டனில, ரொறன்ரோவில.

இந்தக் கிழமை உங்கட வீட்டில இருக்கிற அம்மம்மாவிட்டயோ பெரியப்பாவிட்டயோ ஒரு கேள்வி கேளுங்கோ: “நீங்கள் கடைசியாய் ஊர்த் தியேட்டரில பார்த்த படம் என்ன, ஆரோட போனீங்கள்?” போனில பதிஞ்சு வையுங்கோ. நான் கேட்டன். அம்மம்மாவுக்குப் படத்தின்ர பேர் மறந்துபோச்சு. கூடப்போன ஆறு பேரின்ர பேரையும் வரிசையாய்ச் சொன்னா.