பிசிராந்தையாரின் நரையும் ஒரு தீவின் குரங்குகளும்

பிசிராந்தையாரை வகுப்பில் நடத்தும் ஆண்டெல்லாம் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "ஐயா, நல்ல மனைவியும் நல்ல ஊரும் வாய்த்தால் தலை நரைக்காதா?" வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, அது புலவரின் மிகை என்று சொல்லி அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஆண்டு பல ஆகியும் நரையில்லாதது எவ்வாறு என்னும் கேள்விக்கு அந்தப் பாண்டிநாட்டுப் புலவர் புறநானூறு 191ஆம் பாடலில் தரும் விடையில் மருந்தும் இல்லை, உணவுக் கட்டுப்பாடும் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரிலுள்ள சான்றோர் என்று சுற்றியிருப்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். மிகை என்ற என் விளக்கத்தைச் சற்றே தயங்க வைத்தவை சில குரங்குகள். அவற்றின் முன்னோர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

1938ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் வட இந்தியாவில் ரீசஸ் குரங்குகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். 409 குரங்குகள் புவேர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்குக் கரையை அடுத்த கயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவில் விடப்பட்டன. தீவின் பரப்பு 38 ஏக்கர். நம் பக்கத்து நடுத்தரக் கண்மாய் ஒன்றின் அளவுதான். கூண்டு கிடையாது. வெளியிலிருந்து அதன்பின் ஒரு குரங்கும் கொண்டுவந்து சேர்க்கப்படவில்லை. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டு வாழ்பவை எல்லாம் அந்தக் கப்பற்பயணிகளின் வழித்தோன்றல்களே. எந்தக் குரங்கு எப்போது பிறந்தது, அதன் தாய் யார் என்ற குறிப்புகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நம் ஊர்களில் மனிதர்களுக்கே இப்படியொரு கால்வழிப் பதிவு அரிது.

(அழகர்கோவிலில் நம் கைப்பையைப் பிடுங்குவது இந்த இனமன்று. அது தலைமயிர் குல்லாய்போல் படிந்த தென்னாட்டுக் குரங்கு. இரண்டும் நெருங்கிய உறவு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்றே பெயர் தருகிறது. ரீசஸ் பெண்ணையும் அப்படி அழைப்பதில் பிழையிருக்காது.)

கயோவுக்குப் போனவை கொடுத்துவைத்தவை. மற்றவற்றின் கதை வேறு. போலியோ தடுப்பூசிக்குக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள் தேவைப்பட்ட 1950களில், உச்ச ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. அவை கதிர்வீச்சு ஆய்வுகளுக்கும் பயன்பட்ட செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்ப, மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரலில் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அந்த அரசின் செயல்களில் நான் தயக்கமின்றிப் பாராட்டும் ஒன்று இது. ஆனாலும், நம் பிள்ளைகள் போலியோவிலிருந்து தப்பியதில் பெயரில்லாத அந்தக் குரங்குகளுக்கும் பங்குண்டு என்பதை மறைத்துவிட்டுப் பாராட்டுவது சரியாகாது.

இனி முதுமைக்கு வருவோம். மரபணு ஒரு சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இளமையிலும் முதுமையிலும் சுவடி ஏறக்குறைய அதுவே. எந்த ஏடு எவ்வளவு உரத்துப் படிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. மரபணு வெளிப்பாடு என்பது அந்த வாசிப்பு. ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் உயிரணுவில் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு அதை அளக்கலாம். 2001இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்குகளின் தொடைத் தசையில் 7,070 மரபணுக்களை அளந்தார்கள். சராசரி 8 வயதுக் குரங்குகளோடு 26 வயதுக் கிழங்களை ஒப்பிட்டபோது, கிழங்களில் அழற்சி சார்ந்த ஏடுகள் உரத்தும், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடுகள் தணிந்தும் ஒலித்தன. உணவைக் குறைத்தால் இந்த மாற்றம் தடைபடும் என்பது எலிகளில் கண்டது. நடுவயதுக் குரங்குகளின் தசையில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

2017 செப்டம்பரில் மரியா புயல் கயோ தீவைத் தாக்கியது. பெரும்பாலான குரங்குகள் பிழைத்துக்கொண்டன, மரங்கள் பிழைக்கவில்லை. நிழல் போயிற்று. புயலுக்கு முந்தைய ஆண்டுகளில் 435 குரங்குகளிடமும், புயலுக்கு ஓராண்டுக்குப்பின் 108 குரங்குகளிடமும் எடுத்த இரத்தத்தை நோவா ஸ்னைடர்-மேக்லர் குழுவினர் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். நோயெதிர்ப்பு உயிரணுக்களில் செயல்படும் மரபணுக்களில் 4 விழுக்காட்டின் வாசிப்பு மாறியிருந்தது. மாறிய திசை முதுமையின் திசை. சராசரியாக 1.96 ஆண்டு கூடுதல் மூப்பு. மனித வாழ்நாளில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு நிகர்.

சராசரி என்பதை மறக்கக்கூடாது. எல்லாக் குரங்கும் ஒரே அளவில் மூப்படையவில்லை. புயலுக்குப்பின் அவை நடந்துகொண்ட விதம் குறித்து 2024இல் வந்த ஆய்வுதான் என்னைப் பிசிராந்தையாரிடம் திருப்பி அனுப்பியது. வெப்பம் 40 பாகையைக் கடக்கும் தீவில், முன்பு சண்டையிட்டுக்கொண்ட குரங்குகள் எஞ்சிய நிழலில் அருகருகே உட்காரப் பழகின. அப்படி அடுத்தவரைப் பொறுத்துக்கொண்டவை கூடுதலாகப் பிழைத்தன.

இதைக்கொண்டு தமிழன் அன்றே கண்டான் என்று துள்ளுவதற்கில்லை. புலவர் சொன்னது நரையை. ஆய்வு அளந்தது இரத்தத்தை. பொறுமைக்கும் பிழைப்புக்கும் தொடர்பு காட்டிய ஆய்வு, பொறுமை மூப்பைத் தடுத்தது என்று சொல்லவில்லை. ஆனால் மூப்பு என்பது நாட்காட்டியில் மட்டும் நடப்பதன்று, சூழலும் அதை எழுதுகிறது என்னும் அளவில் இரண்டும் ஒரு திண்ணையில் உட்காரக்கூடியவை.

சென்ற பருவத்தில் இதை வகுப்பில் சொன்னேன். வழக்கமான கேள்வி வரவில்லை. இராமேசுவரத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து, 1964 தனுஷ்கோடிப் புயலுக்கு அடுத்த ஆண்டே தம் கொள்ளுப்பாட்டி கிழவியாகிவிட்டதாக வீட்டில் சொல்வார்கள் என்றார். அப்போது அவருக்கு முப்பது வயதாம்.