தண்ணி தெளிஞ்சா சுத்தமாகிடுமா? அடிச்சேற்றில் ஒளிந்திருக்கும் ஆபத்து!

வெள்ளம் வடிந்ததும் கலங்கலாக ஓடிய ஆறு சில நாட்களில் தெளிந்துவிடும். 'அப்பாடா, தண்ணி சுத்தமாகிடுச்சு' என்று நினைப்போம். ஆனால், கலங்கலோடு வந்த நச்சு எங்கே போனது?

களிமண் ஏன் சீக்கிரம் படிவதில்லை?

மணல் சட்டென அடியில் படிந்துவிடும். களிமண் துகளோ ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கைவிடச் சிறியது. அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால், ஒட்டாமல் நாள்கணக்கில் மிதக்கும்.

நச்சு எப்படி ஒட்டுகிறது?

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் பெரும்பாலும் நேர் மின்னூட்டத்துடன் இருக்கும். அதனால் களிமண்ணில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரையாத டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள், மண்ணில் உள்ள மக்கிய பொருட்களோடு சேர்ந்துகொள்ளும். துகள்தான் வண்டி, நச்சுதான் பயணி!

வண்டி எங்கே நிற்கும்?

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், கடல் உப்பு அந்தத் தள்ளுவிசையைக் குறைத்துவிடும். துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்கும். குடத்தில் படிகாரம் போட்டால் தண்ணீர் தெளிவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். மேலே தண்ணீர் பளிச்சென்று இருக்கும். நச்சு சேற்றில் தங்கிவிடும்.

மினமாட்டா சொல்லும் பாடம்

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு 1968 வரை கலந்தது. அங்கு பிடித்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது. இந்த நோய் 1956-ல் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. கழிவு நின்ற பிறகும் சேற்றில் பாதரசம் அப்படியே இருந்தது. அதைத் தோண்டி, ஒரு பகுதியை மூடி நிலமாக்கும் வேலை 1977-ல் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது. அப்படி உருவான நிலம் 58 ஹெக்டேர்!

படிந்தது மீண்டும் வருமா?

வரும். வெள்ளமோ, கவனமில்லாத தூர்வாரலோ சேற்றைக் கிளறினால் நச்சு மறுபடி தண்ணீரில் கலக்கலாம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள், பாதரசத்தை இன்னும் ஆபத்தான மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சின்ன மீன், பெரிய மீன் என்று கூடிக்கொண்டே போய் நம் தட்டுக்கு வந்துவிடும்.

நாம் கவனிக்க வேண்டியது

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் காட்மியமும் போகாது. சாயக்கழிவு உப்பு போல முழுசா கரைந்தவை படியவும் செய்யாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால், ஓர் ஏரி சுத்தமா என்று தெரிந்துகொள்ள தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, அடிச்சேற்றையும் சோதிக்கணும்.