டீக்கடை பெஞ்சும் பொதுக் கிளாஸும்

காபிக்கடைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. பித்தளை பில்டர், கும்பகோணம் டிகிரி காபி, டபராவில் எழும்பும் நுரை, கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்த முதலாளி. கடைசியில் ஒரு பெருமூச்சு. இவற்றை எழுதுகிறவர்களின் நாக்கை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களுடைய சரித்திர உணர்வைத்தான் சந்தேகிக்கிறேன். பெயர் சொல்லி உள்ளே அழைக்கப்பட்டவர்கள் யார், பெயரைக் கேட்டுவிட்டு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி அந்தப் பெருமூச்சில் கரைந்துவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் பிறந்து இங்கேயே ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குப் பழக்கமானது டீக்கடைதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் முனையில், நான் பதினைந்து வயதிலிருந்து போய்வருகிற கடை ஒன்று இருக்கிறது. ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, கண்ணாடி ஜாடிகளில் பொறையும் பட்டர் பிஸ்கட்டும், ஒரு தினத்தந்தி. சரித்திரம் என்பது சர்ச்சைக்குரிய விஷயம் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே தங்கியதால் இது தொண்டியார்பேட்டை ஆயிற்று, பிறகு தண்டையார்பேட்டை ஆயிற்று என்று பெஞ்சில் சொல்வார்கள். மஸ்தான் சாகிபு பிறந்தது 1792-ல். எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்து இந்த ஊரைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டது 1693-ல். பெயர், ஆளைவிட நூறு வருஷம் மூத்தது. ஆனாலும் இந்த விவாதத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சூபியோடு மோத முடியாது. ஏமன் தேசத்தில் 15-ம் நூற்றாண்டிலேயே இரவெல்லாம் விழித்திருந்து திக்ர் செய்வதற்காகக் காபி குடித்தவர்களே சூபிகள்தான் என்பதை நினைத்தால், அவர் பக்கம் பெஞ்சு சாய்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது லண்டன் காபி ஹவுஸ்களைப் பற்றிப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். 1652-ல் பாஸ்குவா ரோஸே என்பவர் கார்ன்ஹில் பக்கத்துச் சந்து ஒன்றில் திறந்த கடையிலிருந்து அது ஆரம்பமாகும். ஒரு பென்னி கொடுத்தால் பிரபுவின் பக்கத்தில் வியாபாரி உட்காரலாம், செய்தித்தாள் படிக்கலாம், வாதாடலாம். 1709-ல் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்' பத்திரிகையில் கவிதைச் செய்தி ஒரு கடையின் பெயரிலும், கல்விச் செய்தி இன்னொரு கடையின் பெயரிலும், வெளிநாட்டுச் செய்தி மூன்றாவது கடையின் பெயரிலும் வந்தது. இலக்கிய விமர்சனம் என்ற தொழிலே அந்த மேஜைகளில் பிறந்தது என்றார் எங்கள் பேராசிரியர். ஹாபர்மாஸ் 1962-ல் எழுதிய புத்தகத்தில், பொதுஜன அபிப்பிராயம் என்ற ஒன்று உருவான இடங்களில் முக்கியமானதாக இந்தக் கடைகளைக் காட்டினார். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அவருக்கு வெகு முன்பே இது தெரிந்திருந்தது. 1511-ல் மெக்காவின் அதிகாரி காபியைத் தடை செய்தார். 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் காபி ஹவுஸ்களை மூடச் சொல்லிப் பிரகடனம் செய்துவிட்டு, எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே வாபஸ் வாங்கினான். அவர்களைப் பயமுறுத்தியது பானம் அல்ல, பெஞ்சு.

பாடத்தில் சொல்லப்படாத விஷயமும் ஒன்று உண்டு. கப்பல் தலைவர்களும் வியாபாரிகளும் கூடிய எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக்கடையிலிருந்துதான் லாயிட்ஸ் என்ற கப்பல் இன்சூரன்ஸ் ஸ்தாபனம் வளர்ந்தது. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் அங்கேதான் இன்சூரன்ஸ் எழுதப்பட்டது. அதற்காக அந்த ஸ்தாபனம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். எல்லோரும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று வர்ணிக்கப்படுகிற மேஜையில் யார் சரக்காக எழுதப்பட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த விவரம் மட்டும் மறப்பதில்லை.

நம்மிடம் காபி வந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ் மத்தியதர வர்க்கம், அதிலும் பிராமண மத்தியதர வர்க்கம், தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்ட பானம் காபி என்பதும், டீ உழைப்பாளிகளோடும் முஸ்லிம்களோடும் சேர்த்துப் பார்க்கப்பட்டது என்பதும் அதிலிருந்து கிடைக்கிற சித்திரம். காபி கிளப்பின் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது அலங்காரத்துக்கு அல்ல. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்பது 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை அகற்றப் பெரியார் மறியல் தொடங்கினார். தொண்டர்கள் மாதக்கணக்கில் தினமும் போய்க் கைதானார்கள். ஒரு ஓட்டல் பலகையின் ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பலகைக்குக் கீழே எந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்குவது பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முனையில். எங்கள் பேட்டையிலிருந்து அதிக தூரமில்லை. பையில் இருக்கிற சில்லறைக்கு ட்ராமா காபியா என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கடவுள் வந்து சேருகிறார். இருவரும் காபி குடிக்க ஓட்டலுக்குள் போகிறார்கள். வெற்றிலை பாக்குக் கடையில்கூட கணக்குப் பார்க்கிற நகரத்தில் கடவுளே ஒரு வாடிக்கைக்காரராகத்தான் உள்ளே போக முடியும் என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. என் தாத்தாவுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்த இடம் வேறு. "சாமியாங்காட்டியும் கேக்காம உள்ள வுட்டாங்க" என்றார்.

தாத்தா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1950-களின் தொடக்கத்தில் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். அவர் ஊர் டீக்கடையில் சேரி ஜனங்களுக்கென்று இருந்த கிளாஸ், கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும். தானே எடுத்து, எட்ட நீட்டி, மேலிருந்து ஊற்றியதைக் குடித்து, தானே கழுவித் திரும்பச் செருகிவிட வேண்டும். இங்கே வந்த முதல் வாரம், துறைமுகத்துக்கு வெளியே ஒரு மலையாளி கடையில் டீயை அவர் கையிலேயே கொடுத்தார்களாம். குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் கிளாஸை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறார். மாஸ்டர் சத்தம் போட்டிருக்கிறார்: "அங்க வெச்சிட்டுப் போப்பா. அது என் வேலை." இதை அவர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவையும் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதில்லை. அந்த டீ எப்படி இருந்தது என்று கேட்டால் "டீ மாதிரிதான்" என்பார்.

அந்த மாஸ்டர் புரட்சிக்காரர் அல்ல. தொழிலுக்காக வேறு சீமையிலிருந்து வந்தவருக்கு வாடிக்கைக்காரரின் ஊர் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நாற்பது பேர் கை நீட்டும்போது இரண்டு வரிசைக் கிளாஸ் வைத்துக்கொண்டு வியாபாரம் நடக்காது. துறைமுகத்துக் கடையின் சமத்துவத்தில் பாதி அவசரம், பாதி அறியாமை. மறுபாதி என்று ஒன்று இருந்தால் அது கை நீட்டியவர்களின் எண்ணிக்கை.

ஆலைப் பிரதேசம் என்பதனாலேயே இது தானாக நடந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் தோன்றியது பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளிடையேதான். மூன்றே வருஷத்தில், 1921 பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில், சாதி இந்துக்களும் ஆதிதிராவிடர்களும் எதிரெதிராக நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரே கிளாஸில் குடிப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

டீயே சாதாரண ஜனங்களிடம் வந்து சேர்ந்தது வெகு தாமதமாகத்தான். 1903-லேயே தேயிலை மீது தீர்வை விதித்து விளம்பர நிதி திரட்டினார்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீ ஸ்டால்கள் வந்தன. 1930-களில் மந்தத்தினால் ஏற்றுமதி சுருங்கியபோது உள்நாட்டுச் சந்தையைப் பிடிக்கப் பெரிய பிரசாரமே நடந்தது, இலவசமாக ஊற்றிக் கொடுத்துக்கூட. தெற்கே பரவியது இலைத் தேயிலை அல்ல, டஸ்ட். குறைந்த தூளில் நிறையக் கிளாஸ், நல்ல நிறம், சட்டென்று இறங்குகிற டிக்காஷன். துணி வடிகட்டியில் தூளை மாற்றாமல் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பதும், கையை உயர்த்தி ஆற்றுவதும் இந்தத் தூளுக்காக உண்டான தொழில்நுட்பங்கள். இதைக் கொழுந்தாகக் கிள்ளியவர்கள் நீலகிரிக்கும் இலங்கைக்கும் போன நம் ஜனங்கள். தாத்தாவின் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு வராதவர்களில் சிலர் மலைக்குப் போனார்கள்.

தனியார் கடை என்றாலே ஒரு மகிமை என்று இப்போது பேசுகிறார்கள். கம்பெனிக் கடைகளில் எல்லா ஊரிலும் ஒரே நாற்காலி, ஒரே கோப்பை. தனி மனிதர் நடத்தும் கடையில்தான் சுபாவம் இருக்கிறது என்று. இருக்கட்டும். இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளும் தனி மனிதர் நடத்திய கடைகள்தான், அதுவும் அந்த முதலாளியின் சுபாவம்தான். 1950-ல் அரசியல் சாசனம், 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று புதுப்பெயர், இவ்வளவுக்குப் பிறகும் கிராமங்களில் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்து, மறியல் செய்து ஒழிக்க வேண்டியிருந்தது. ஒரு கடையைப் போய் உட்காரத் தகுந்த இடமாக ஆக்குவது முதலாளியின் ருசியோ நல்ல மனசோ அல்ல, குடிக்க வந்தவர்கள் அவரிடமிருந்து மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்ட உரிமைகள். இந்தியா காபி ஹவுஸ் விஷயத்தில் இது பட்டவர்த்தனமாக நடந்தது. காபி வாரியம் கடைகளை மூடி ஆட்களை வெளியேற்றியபோது, ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களே கூட்டுறவு சங்கம் அமைத்து 1957-லும் 1958-லும் கடைகளை எடுத்து நடத்தினார்கள். அங்கே பிடுங்கிக்கொண்டவர்கள் சிப்பந்திகள், எங்கள் முனையில் வாடிக்கைக்காரர்கள்.

அப்படிப் பிடுங்கியவற்றில் பெரியது நேரம். ஒரு டீ வாங்கிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரலாம் என்பது எந்தப் பலகையிலும் எழுதப்படாத சட்டம். தினத்தந்தியின் நடுப்பக்கம் ஒருவரிடம், சினிமாப் பக்கம் இன்னொருவரிடம், வாசிக்கத் தெரியாதவருக்கு மூன்றாமவர் உரக்க வாசிப்பார். திராவிட இயக்கப் பத்திரிகைகள் ஒரு பிரதிக்கு இருபது பேர் என்று பரவியது இப்படித்தான். நம் சிறுபத்திரிகைக்காரர்களும் இந்த இலவச நேரத்தில் வளர்ந்தவர்கள்தான், ஒப்புக்கொள்வதில்லை. என் வங்கிக் கவுன்டருக்கு வருகிற அதே மனிதரிடம் நான் பெயர், தகப்பன் பெயர், ஆதார் எண் கேட்கிறேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறேன். சாயங்காலம் அவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுக்கிறார். அவர் பெயர் எனக்குக் கவுன்டரில் தெரிந்ததுதான், பெஞ்சில் அது தேவைப்பட்டதில்லை.

பெஞ்சிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெண்கள் உட்காருவதில்லை. 1674-ல் லண்டன் பெண்களின் பெயரில் காபிக்கு எதிராக ஒரு மனு அச்சாயிற்று. அதைக் கேலிப் பிரசுரம் என்கிறார்கள், ஆனால் கடைக்குள் அவர்கள் இல்லை என்பது கேலி அல்ல. எங்கள் தெருவில் பெண்கள் சொம்பு கொண்டுவந்து பார்சல் வாங்கிப் போவார்கள். காசிமேட்டில் மட்டும் விடியுமுன் ஏலத்துக்கு வருகிற மீன்காரிகள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆண்களுக்கு முன்னால் டீ வாங்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையை அவர்களுக்கு யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் கடையில் மாஸ்டர் அஸ்ஸாம்காரர். 2021-ல் மெட்ரோ ரயில் வந்தபின் தெருமுனையில் கூட்டம் மாறிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள் இந்தியில் பேசிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், தினத்தந்தி அவர்கள் மடியில் படிக்கப்படாமல் கிடக்கிறது. கிளாஸ் அநேகமாகப் போய்விட்டது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனால் அடுத்த வருஷமே கொரோனா வந்து, யாருடைய வாய் பட்ட கிளாஸிலும் குடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது. தடை காகிதத்தில் இருக்கிறது, கப் கையில் இருக்கிறது. ஒருவகையில் இரட்டைக் குவளை பூரணமாக ஒழிந்துவிட்டது: ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குவளை, குடித்ததும் குப்பைக்கு. கப்போடு பெஞ்சும் தேவையற்றதாகிறது. நடந்துகொண்டே குடிக்கலாம். பக்கத்துத் தெருக் கடையில் பெஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி வைத்துவிட்டார்கள்.

நான் கிளாஸ்தான் கேட்கிறேன். மாஸ்டருக்கு என்னைத் தெரியும். பேப்பர் கப்புக்குப் போன கையை நிறுத்தி, ஜாடிகளுக்குப் பின்னாலிருந்து கிளாஸை எடுக்கிறார், மொத்தம் நான்கோ ஐந்தோதான் மிச்சம். சில நாள் கழுவ மறந்துவிடுகிறார். திருப்பிக் கொடுத்து, கழுவித் தரச் சொல்லிக் கேட்கிறேன்.