தோட்டாவின் கழுத்து

பெங்களூரின் பழைய மக்கள் கன்டோன்மென்ட்டை இன்றும் 'தண்டு' என்பர். கன்னடத்தில் தண்டு என்றால் படை. தமிழிலும் அப்பொருள் உண்டு. 1809-இல் அமைந்த அத்தண்டைத் தொடர்ந்து சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் விற்றோரும், சமைத்தோரும், துணி வெளுத்தோரும் வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். 1898-இன் கொள்ளைநோய் நெரிசலான குடியிருப்புகளைச் சூறையாடிய பிறகு, அகன்ற தெருக்களுடன் திட்டமிடப்பட்ட புறநகரே பிரேசர் டவுன். மைசூர் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் பிரேசரின் பெயரால் 1910-இல் அது உருப்பெற்றது. பிரிட்டிஷ் படை .303 தோட்டாவின் ஏழாம் வகையைக் கூர்முனைக் குண்டுடன் ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான்.

இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல். ஆயினும் தண்டின் வரலாற்றை எழுதுவோர் தெருப்பெயர்களையும் தேவாலயங்களையும் பற்றி விரிவாக எழுதிவிட்டு, அத்தண்டு இருந்ததற்கே காரணமான படைக்கலத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். சிப்பாய் தன் கையால் உருட்டிக்கொள்ளக்கூடியதாக இருந்த தோட்டா எப்போது, எதனால் அவன் கைக்கு எட்டாத பொருளாயிற்று? 1857-உம் 1878-இன் ஆயுதச் சட்டமும் வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள். அவை சரியானவை, ஆனால் பாதி விடைகள். மறுபாதியைக் கருவிகளிடம்தான் தேட வேண்டும்.

காகிதத் தோட்டாவின் காலத்தில் கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் தனித்தனிப் பட்டறை தேவைப்படவில்லை. காகிதத்தைச் சுற்ற ஒரு மர உருளை, ஈயத்தை வார்க்க ஓர் அச்சு, வெடிமருந்தை அளக்க ஒரு குவளை, முனையைக் கட்ட நூல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்புபவன் உருளையையும் அச்சையும் மாற்றினால் போதும், தொழில் ஒன்றே. ஆங்கில அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கிய அக்கால ரிவால்வர்களின் பேழைக்குள்ளேயே ஈய அச்சும் மருந்துக்குடுவையும் வைத்து விற்கப்பட்டன.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவும் காகிதமே. கொழுப்புப் பூச்சு பற்றிய செய்தி 1857 ஜனவரியில் டம்டம்மில் சிப்பாய்களிடம் பரவியபோது, அதைச் சொன்னவர் அங்குள்ள படைக்கலச் சாலையின் கடைநிலைத் தொழிலாளி ஒருவர் என்பதே பதிவு. தோட்டாவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சிப்பாயைவிட அதைச் செய்த கை அறிந்திருந்தது. மிரண்டுபோன அரசு, பூச்சில்லாத தோட்டாக்களை வழங்கிச் சிப்பாய்களே தமக்கு உகந்த மசகைப் பூசிக்கொள்ளலாம் என்று அம்மாத இறுதியிலேயே இசைந்தது. தோட்டாவை முடித்துக்கொள்ளும் வேலை சிப்பாயிடம் விடப்பட்ட கடைசித் தருணங்களுள் அது ஒன்று.

1866-இல் ஸ்னைடர் வந்தது. உல்விச் ஆய்வகத்தின் எட்வர்ட் பாக்ஸர் அதற்கென வடித்த தோட்டாவில் பித்தளைத் தகட்டுச் சுருளும் எரியூட்டியும் ஒன்றாகிவிட்டன. சிப்பாய் பூசவோ கடிக்கவோ எதுவும் மிஞ்சவில்லை. 1869-இல் கிர்க்கியில், அதாவது இன்றைய கட்கியில், சிறுபடைக்கலத் தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இந்தியப் படையினருக்கு வெள்ளையர் படையைவிட ஒரு தலைமுறை பிந்திய துப்பாக்கியே தரப்பட வேண்டும் என்ற கொள்கையும் இக்காலத்ததே.

தொழில்நுட்பத்தில் பெரும்பிளவு இதற்குப் பின்னரே நேர்ந்தது. கைத்துப்பாக்கித் தோட்டா குட்டையானது. அதன் கூடு அடி முதல் நுனி வரை ஏறத்தாழ நேர்க்குழாய். சுட்டபின் சற்று விரிந்த கூட்டை ஒரு வளையத்துக்குள் அழுத்தினால் பழைய அளவுக்கு மீளும். கையால் நெரிக்கும் இடுக்கி வடிவக் கருவியே இதற்குப் போதும். ரைபிளுக்கோ மிகுந்த மருந்தும் மெல்லிய குண்டும் வேண்டும். நேர்க்குழாயில் அதை அடக்கினால் தோட்டா அளவுமீறி நீளும். ஆகவே உடல் பருத்துக் கழுத்து குறுகிய புட்டி வடிவம் பிறந்தது. 1871-இன் மார்ட்டினி-ஹென்றி தோட்டாவுக்கே இவ்வடிவம் வந்துவிட்டது. தகட்டுச் சுருள் அதற்குத் தாங்கவில்லை. 1885-இல் சூடான் போர்க்களத்தில் கூடுகள் துப்பாக்கிக்குள் சிக்கிய பிறகு, ஒரே துண்டாக இழுத்த பித்தளைக் கூட்டுக்கு மாற நேர்ந்தது.

புட்டி வடிவக் கூட்டை மீண்டும் நிரப்ப முனைபவன் முன் வேறோர் உலகம் விரிகிறது. தோளையும் கழுத்தையும் ஒருசேர மீட்கும் நீண்ட எஃகு அச்சு வேண்டும். அதற்குள் கூட்டைத் தள்ள வலிய நெம்புகோல் பொறி வேண்டும். மசகு பூசாவிடில் கூடு அச்சிலேயே இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் பித்தளை முன்னோக்கி நீள்வதால் கழுத்தை வெட்டிச் சமன் செய்யும் கருவியும், நீளத்தைச் சரிபார்க்கும் அளவியும் சேர்கின்றன. வடமேற்கு எல்லைப்புறத்துப் பதான் கொல்லர்கள் பொறுக்கிய மார்ட்டினி கூடுகளை உள்ளூர்க் கரிமருந்தால் நிரப்பினர் என்பது உண்மையே. அவர்களுடைய திறனை எவ்வளவு வியந்தாலும் தகும். பிரிட்டிஷார் வெற்றுக் கூடுகளை எண்ணித் திரும்பப் பெறுவதில் காட்டிய கண்டிப்புக்கு இத்திறன் மீதான அச்சமும் ஒரு காரணம்.

அவ்வச்சத்தைப் பெருமளவு தணித்தது .303. 1888-இல் கரிமருந்தோடு தொடங்கிய இத்தோட்டாவுக்கு சில ஆண்டுகளிலேயே புகையற்ற கார்டைட் வந்தது. கார்டைட் தூள் அன்று. நூலிழை போன்ற குச்சிகளின் கட்டு. குறுகிய கழுத்தின் வழியே அக்கட்டைச் செலுத்த முடியாது. எனவே தொழிற்சாலையில் நேர்க்குழாயாக இருக்கும் கூட்டுக்குள் முதலில் குச்சிக்கட்டை இட்டு, அதன்மேல் ஓர் அட்டைவில்லையை வைத்து, அதன் பிறகே கழுத்தை ஒடுக்கினர். மருந்து உள்ளே இருக்கும்போதே உலோகத்தை அழுத்தும் இவ்வரிசை எந்த வீட்டுக் கருவிக்கும் உரியதன்று. ரிவால்வரின் .455 தோட்டாவுக்கு இத்தொல்லை இல்லை. குட்டைக் கூட்டில் கார்டைட் துண்டுகளை நேரே இட்டுவிடலாம். ஒரே மருந்து, ஒரே பித்தளை. ஆனால் ஒன்று மேசைமேல் முடியும் வேலை, மற்றொன்று ஆலைக்குரிய வேலை.

எரியூட்டியிலும் இதே கதை, சற்று வேடிக்கையோடு. பாக்ஸரின் ஒற்றைத் துளை எரியூட்டியை ஓர் ஊசியால் தள்ளி நீக்கலாம். அமெரிக்கர் பெர்டனின் இரு துளை எரியூட்டியை அப்படி நீக்க இயலாது. ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பை அமெரிக்கா ஏற்றது, அமெரிக்கரின் கண்டுபிடிப்பைப் பிரிட்டிஷ் படை ஏற்றது. கைவினையாளர் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கும் பிரிட்டிஷ் இந்தியாவில் அரும்பாததற்கும் சட்டத்தோடு இத்துளைகளும் துணைநின்றன.

கார்டைட் வெப்பத்தில் சிதையும். இந்தியாவிலேயே அதை ஆக்க விரும்பிய அரசு நீலகிரியின் குளிர்ந்த மலைச்சரிவைத் தேர்ந்து, 1903-04-இல் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் ஆலையை அமைத்தது. 1908-இல் உதகை வரை நீண்ட மலை ரயிலின் பாதையில் அதன் பெயரால் ஒரு நிலையமும் உண்டு. அருவங்காடு மருந்தைத் தந்தது. அந்த மலைக்கும் புனேக்கும் அருகிலான அவ்விரு ஆலைகளும் தண்டுக்கு வெகுதொலைவில் இருந்தன. உலோகத் தோட்டாவின் காலத்தில் வளர்ந்த பிரேசர் டவுனில் தையற்காரரும் ரொட்டிச் சுடுவோரும் தச்சரும் படையை நம்பி வாழ முடிந்தது. தோட்டாத் தொழிலாளி என்றொரு பிரிவு தோன்றுவதற்கு இடமே இருக்கவில்லை.

1878-இன் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரைத் தடுத்தது. விடுதலைக்குப் பின் 1959-இன் சட்டம் அந்த இனப்பாகுபாட்டை நீக்கியது. உரிமம் இன்றித் தோட்டா ஆக்குவதை மட்டும் அதன் ஐந்தாம் பிரிவு எவருக்கும் அனுமதிக்கவில்லை. கட்கியும் அருவங்காடும் 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன.