ஊரிழந்தோர் கொண்டுவந்த உணவு

பாரிஸ் நகரின் பழைய 'பிரசறி' உணவகங்களிலே புளிக்கவைத்த கோவாவும் பன்றியிறைச்சியும் பியரும் ஒருங்கே பரிமாறப்படுவதைக் காண்கிறோம். பிரசறி என்பது ஆதியில் பியர் வடிசாலையைக் குறித்த சொல். பிரெஞ்சு, ஜேர்மன் சுவைகள் கலந்த இவ்வுணவு அல்சாஸ் மண்ணுக்குரியது.

1871இல் போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாசை ஜேர்மனியிடம் இழந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் 1872 ஒக்டோபர் 1ஆம் திகதிக்குள் பிறந்த மண்ணை நீங்கவேண்டியதாயிற்று. அல்சாசியரான லெயோனார் லிப் 1880இல் பாரிஸிலே பிரசறி ஒன்றைத் திறந்தார். முதலாம் உலகப்போர் மூண்டதும், ஜேர்மன் ஒலிகொண்ட அதன் பெயர் வெறுப்புக்கு இலக்காகிச் சிலகாலம் மாற்றப்பட்டது. ஜேர்மனியால் ஊரிழந்தோரே ஜேர்மனியரென ஐயுறப்பட்டனர்!

1918இல் அல்சாஸ் மீண்டும் பிரான்சிடம் வந்தது. இடம்பெயர்ந்தோர் கொண்டுவந்த உணவோ பாரிஸின் சொந்த உணவாகவே நிலைத்துவிட்டது. அகதி வெறுங்கையோடு வருவதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.