பெயர்ப் பட்டியல் யார் பொறுப்பு? – கணினிகள் முகவரி தேடிய வரலாறு

சங்க மலர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். உறுப்பினர் முகவரிகள் அங்கேதானே இருக்கின்றன! நம்ம பெயர் சரியாக வந்திருக்கிறதா, காலி செய்த வீட்டு விலாசமே இன்னும் நிற்கிறதா என்று பார்க்காமல் யாரும் மலரை மூடுவதில்லை. வீடு மாறினால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். தெரிந்தவர் நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. இந்தச் சின்ன வசதியைப் பெறக் கணினிகள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தத் துறையில் இருப்பதால் அந்தக் கதையை இங்கே சொல்லத் தோன்றியது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதனுக்கோ எண் நினைவில் நிற்காது, பெயர் வேண்டும். ஆகவே 'இந்தப் பெயருக்கு இந்த எண்' என்று எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். எங்கே எழுதுவது? யார் எழுதுவது? வரலாறு முழுவதும் இந்த இரண்டு கேள்விகள்தான்.

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி சென்றது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அப்படித் தொடங்கியது. ஆரம்பத்தில் அவரவர் பட்டியலை அவரவரே வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பட்டியல் மற்றவர் பட்டியலோடு ஒத்துப்போகாது. பலவும் பழசாகிக் கிடக்கும். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் இந்த அவலத்துக்கு முடிவு கட்டி, எல்லோருக்கும் பொதுவான ஒரே கோப்பை வைக்க வேண்டும் என்று எழுதினார். 1974இல் அது நடைமுறைக்கு வந்தது. மென்லோ பார்க்கில் இருந்த அதே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையம் பொறுப்பேற்றது. அந்த மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதுக் கணினி வந்தால் அவர் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊர் பெருத்தது. 1981 ஆகஸ்டில் 213 கணினிகள். 1984 அக்டோபரில் 1024. கணினி ஒன்று கூடினால் பட்டியலும் ஒரு வரி நீளும், அதைப் பிரதி எடுப்பவரும் ஒருவர் கூடுவார். ஆக, சுமை இரு பக்கமும் ஏறியது. ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டால் பஞ்சாயத்து வேறு.

தீர்வைக் கண்டவர் பால் மோக்கபெட்ரிஸ். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் ஜான் போஸ்டலோடு பணிபுரிந்த அவர், 1983 நவம்பரில் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார். பட்டியலைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக அவர் பொறுப்பைப் பிரித்தார். மரத்தின் வேரில் இருப்பவருக்குப் பெரிய கிளைகள் யார் வசம் என்று தெரிந்தால் போதும். கிளைக்குள் இருப்பதை அந்தக் கிளைக்காரர் பார்த்துக்கொள்வார். இன்று நாம் தட்டுகிற ஒவ்வொரு இணைய முகவரியும் இந்த வழியில்தான் தேடப்படுகிறது.

அப்படியானால் மையப் பட்டியல் செத்துப்போயிற்றா? இல்லை, அலுவலகங்களுக்குள் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. 1982இல் நால்வர் சேர்ந்து சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நால்வரில் ஒருவர் டெல்லி ஐஐடியில் படித்த வினோத் கோஸ்லா. ஓர் அலுவலகத்தில் ஐம்பது சன் கணினிகள் என்றால் ஐம்பது பெயர்க் கோப்புகள். ஒரு திருத்தம் என்றால் ஐம்பது முறை செய்ய வேண்டும். 1980களின் நடுவில் அந்த நிறுவனம் 'எல்லோ பேஜஸ்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. தலைமை சர்வரில் ஒரே மூலப் பட்டியல். அது பெயர் வாரியாக ஒன்று, எண் வாரியாக ஒன்று என்று இரு அட்டவணைகளாக மாறும். துணை சர்வர்களில் பிரதி இருக்கும். மற்றக் கணினிகள் தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளும். பயனர் பட்டியலும் கடவுச்சொல்லும்கூட இதே வழியில் பகிரப்பட்டன.

பிரிட்டனில் 'எல்லோ பேஜஸ்' என்பது அப்போது பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் வணிகப்பெயராக இருந்தது. அதனால் இந்தச் சேவைக்கு 'நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்' என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் அதன் கட்டளைகள் இன்றும் 'ஒய்பி' என்றுதான் தொடங்குகின்றன. பம்பாய் மும்பையான பிறகும் நம் பெரியவர்கள் 'பம்பாய்' என்பதை விட்டார்களா என்ன?

குறை இல்லாமல் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துணை சர்வர் வைக்காமல் சிக்கனம் பிடித்தார்கள். ஒருநாள் தலைமை சர்வர் படுத்துவிட்டது. பக்கத்து மேசைக் கணினியின் பெயர்கூடத் தெரியாமல் மொத்த அலுவலகமும் உட்கார்ந்திருந்தது! இதைவிடப் பெரிய ஆபத்து நம்பிக்கை. 'சர்வர் யார்?' என்று கணினி பொதுவாகக் குரல் கொடுக்கும்; பதில் சொன்னவரை அப்படியே நம்பும். பொய்யர் முந்திக்கொண்டால் போச்சு. அதனால்தான் பின்னர், 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எல்டாப் முறை போன்றவை அந்த இடத்தைப் பிடித்தன.

ஒரு கூரைக்குள் மையப் பட்டியல் போதும். உலகத்துக்குப் பகிர்ந்த பொறுப்பு வேண்டும். இரண்டிலும் விதி ஒன்றே. ஒரு தகவலை ஓர் இடத்தில் எழுத வேண்டும், அதைத் திருத்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

நெடுங்காலம் அந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டுமே எழுத முடிந்தது. 2010இல் '.இலங்கை', 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே உலகப் பட்டியலின் வேரில் ஏறின. நம் மொழிக்கும் அங்கே ஒரு விலாசம் கிடைத்தது.

இனி கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். விலாசம் மாறியிருந்தால் செயலாளருக்கு இன்றே ஒரு வரி எழுதுங்கள். போன தை மாதம் நான் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகளில் மூன்று திரும்பி வந்துவிட்டன. மூவரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.