அட்லாண்டிக் உடன்படிக்கையும் அமெரிக்க அதிபர் தேர்தலும்

நார்வே நாட்டுக் கடலோரத்தில் வலை வீசும் மீனவனுடைய பாதுகாப்பு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மக்காச்சோளம் பயிரிடும் உழவன் இடும் வாக்கில் அடங்கியிருக்கிறது என்றால் அது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பன்னிரண்டு நாடுகள் வட அட்லாண்டிக் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிறகு மேற்கு ஐரோப்பாவின் நிலை அதுவாகவே இருந்து வந்துள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அமெரிக்க மக்கள் தம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம், கடலுக்கு அப்பால் பல தலைநகரங்கள் கவலையோடு முடிவை எதிர்நோக்குகின்றன.

இக்கவலை டிரம்ப் அவர்களின் காலத்தில்தான் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உடன்படிக்கை தோன்றிய மூன்றே ஆண்டுகளில், 1952-இல், அதன் எதிர்காலம் ஒரு கட்சி மாநாட்டின் வாக்கெடுப்பில் ஊசலாடியது. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கே இன்றைய நிலை தெளிவாக விளங்கும்.

வில்சன் கண்ட தோல்வி

அமெரிக்கக் குடியரசு பிறந்த காலத்தில் பிரான்சோடு 1778-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 1800-இல் அது முடிவுற்றது. அதற்கு முன்னரே, 1796-இல், முதல் அதிபர் வாஷிங்டன் தம் பிரியாவிடை அறிக்கையில், அயல்நாடுகளோடு நிலையான கூட்டு வேண்டா என்று தம் மக்களுக்கு அறிவுரை கூறியிருந்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அந்த அறிவுரையே அமெரிக்க அரசியலின் வேதமாக விளங்கியது.

முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் உட்ரோ வில்சன் இவ்வழக்கத்தை மாற்ற முயன்றார். சர்வதேச சங்கத்தை நிறுவும் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் 1919-இல் கையொப்பமிட்டார். ஜெர்மனி மீண்டும் தாக்கினால் பிரான்சுக்குத் துணை நிற்போம் என்னும் தனி உடன்படிக்கை ஒன்றிலும் அவர் கையொப்பமிட்டார். ஆனால், அமெரிக்க அரசியல் சட்டப்படி எந்த உடன்படிக்கையும் செனட் சபையில் மூன்றில் இரு பங்கு வாக்குப் பெற்றாக வேண்டும். ஹென்றி காபட் லாட்ஜ் என்னும் குடியரசுக் கட்சித் தலைவர் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். 1920 மார்ச்சு 19-ஆம் நாள் நடந்த இறுதி வாக்கெடுப்பில் ஆதரவாக 49 வாக்குகளும் எதிராக 35 வாக்குகளும் கிடைத்தன. ஏழு வாக்குகள் குறைந்தமையால் உடன்படிக்கை வீழ்ந்தது. பிரான்சுக்கு அளித்த வாக்குறுதியோ வாக்கெடுப்புக்கே வரவில்லை. அமெரிக்கா ஏற்றால்தான் தானும் கட்டுப்படுவதாகக் கூறியிருந்த பிரிட்டனின் வாக்குறுதியும் அதனோடு மறைந்தது.

அதிபரின் கையொப்பம் வேறு, அமெரிக்காவின் வாக்கு வேறு என்பதை ஐரோப்பா அன்று உணர்ந்தது.

ஐந்தாம் விதி சொல்வது என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதிபர் ட்ரூமன் வில்சனின் பிழையினின்றும் பாடம் கற்றார். எதிர்க்கட்சியை முதலிலேயே அணைத்துச் சென்றார். முன்பு ஐரோப்பியத் தொடர்பே வேண்டா என்றிருந்து பின்னர் மனம் மாறிய வாண்டன்பெர்க் என்னும் குடியரசுக் கட்சிச் செனட்டர் கொணர்ந்த தீர்மானம், 1948 ஜூன் திங்களில் 64-க்கு 4 என்னும் வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், 82 வாக்குகள் ஆதரவாகவும் 13 வாக்குகள் எதிராகவும் பெற்று வட அட்லாண்டிக் உடன்படிக்கை செனட் சபையின் இசைவைப் பெற்றது.

உடன்படிக்கையின் உயிர்நிலை அதன் ஐந்தாம் விதி. ஒரு நாட்டின் மீது நிகழும் படைத்தாக்குதல் அனைத்து நாடுகளின் மீதும் நிகழ்ந்ததாகக் கருதப்படும் என்று அது கூறுகிறது. ஆனால், அதனை ஊன்றிப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். தாக்குண்ட நாட்டுக்கு உதவ, ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை மேற்கொள்ளும் என்றுதான் அவ்விதி முடிகிறது. படைவலிமையைப் பயன்படுத்துவதும் அந்நடவடிக்கைகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறதேயன்றிக் கட்டாயமாக்கப்படவில்லை. செனட் சபையின் ஒப்புதலைப் பெறுவதற்காகவே இவ்வாறு எழுதப்பட்டது. எனவே, தேவை எது என முடிவு செய்யும் பொறுப்பு அன்றைக்கு வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறாரோ அவர் கையில் பெரிதும் விடப்பட்டது.

டாப்ட் எழுப்பிய வினா

எதிராக வாக்களித்த பதின்மூவருள் முதன்மையானவர் ஒஹாயோ மாநிலத்துச் செனட்டர் ராபர்ட் டாப்ட். இவர் முன்னாள் அதிபர் ஒருவரின் மகன். நேர்மையும் கூர்த்த மதியும் படைத்தவர். ஐரோப்பாவுக்குப் படைக்கலம் வழங்கும் கடமை அமெரிக்காவின் தலையில் ஏறும், அது போரைத் தவிர்ப்பதற்கு மாறாகப் போரை வளர்க்கும், அதன் செலவு மக்களை நசுக்கும் என்பன அவர் வாதங்கள். 1950 டிசம்பரில் ட்ரூமன் படைத்தலைவர் ஐசனோவரை ஐரோப்பியக் கூட்டுப்படையின் தலைவராக அமர்த்தி, மேலும் நான்கு டிவிஷன் படைகளை அனுப்ப முனைந்தபோது, காங்கிரசின் இசைவின்றி அதிபர் அவ்வாறு செய்யலாமா என்று டாப்ட் வினவினார். செனட் சபையில் திங்கள் கணக்கில் விவாதம் நடந்தது. நான்கு டிவிஷன்கள் செல்லலாம், அதற்கு மேல் காங்கிரசைக் கேளாமல் அனுப்பலாகாது என்று 1951 ஏப்ரலில் அச்சபை தன் கருத்தைத் தெரிவித்தது.

இவ்விவாதம் நடந்த காலத்தில் ஒரு தனிச் சந்திப்பு நிகழ்ந்தது. ஐசனோவர் டாப்டைத் தம் அலுவலகத்துக்கு அழைத்தார். ஐரோப்பாவின் கூட்டுப் பாதுகாப்பு என்னும் கொள்கையை டாப்ட் ஏற்றால், தாம் ஒருபோதும் அதிபர் தேர்தலில் நிற்பதில்லை என்னும் அறிக்கையை வெளியிட அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆனால், டாப்டோ டிவிஷன்களின் எண்ணிக்கையைப் பற்றியே பேசினார், கொள்கையில் உறுதியளிக்கவில்லை. அவர் சென்ற பிறகு அவ்வறிக்கையைக் கிழித்தெறிந்ததாக ஐசனோவர் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

சிகாகோ மாநாடு

1952 ஜூலை திங்களில் குடியரசுக் கட்சியின் மாநாடு சிகாகோ நகரில் கூடியது. கட்சித் தொண்டர்களின் உள்ளம் கவர்ந்தவர் டாப்ட். நாட்டு மக்களின் உள்ளம் கவர்ந்தவர் ஐசனோவர். வெற்றிக்கு 604 வாக்குகள் வேண்டும். முதற் சுற்றில் ஐசனோவருக்கு 595 வாக்குகளும் டாப்டுக்கு 500 வாக்குகளும் விழுந்தன. முடிவு அறிவிக்கப்படுமுன் மின்னசோட்டா மாநிலப் பிரதிநிதிகள் தம் வாக்குகளை மாற்றி ஐசனோவருக்கு அளிக்க, அவர் வென்றார். நவம்பர் தேர்தலிலும் 442 தேர்வாளர் வாக்குகளைப் பெற்று அதிபரானார்.

ஐசனோவருக்காகத் தேர்தல் பணியை முன்னின்று நடத்தியவர் யார் என்பது கருதத்தக்கது. அவர் பெயரும் ஹென்றி காபட் லாட்ஜ். வில்சனை வீழ்த்திய லாட்ஜின் பேரர்! பாட்டனார் உடைத்த பாலத்தைப் பேரர் கட்டினார். மறுபுறம், டாப்டின் தந்தையோ சர்வதேச சங்கத்தை ஆதரித்தவர்; தந்தை விரும்பிய கூட்டை மகன் எதிர்த்தார். நாடுகளின் கொள்கை என்று நூல்களில் எழுதப்படுவது, உண்மையில் மனிதர்களின் மனமாற்றமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இங்கு மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பத்து ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் படைகள் தாயகம் திரும்பாவிடில் இம்முயற்சி முழுவதும் தோல்வியே என்று ஐசனோவரே 1951-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஐரோப்பா தன் காலில் தான் நிற்க வேண்டும் என்பதில் அவருக்கும் டாப்டுக்கும் வேறுபாடு இல்லை. அதுவரை கைகொடுப்பதா, கைவிடுவதா என்பதே வேறுபாடு.

பின் வந்த தேர்தல்கள்

பத்து ஆண்டுகள் கடந்தன; படைகள் திரும்பவில்லை. 1971 மே திங்களில், ஐரோப்பாவில் இருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் வீரர்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் மான்ஸ்பீல்டு ஒரு திருத்தம் கொணர்ந்தார். அதிபர் நிக்சன் கடுமையாக எதிர்த்தார். 36-க்கு 61 என்னும் வாக்குகளால் திருத்தம் தோற்றது. ஆக, இவ்வினா ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. ஒரு மனிதருக்கு மட்டும் உரியதுமன்று.

ஐரோப்பாவைக் காக்கவென்று எழுதப்பட்ட ஐந்தாம் விதி, அதன் முதல் எழுபத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் செயற்பட்டது. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்கா தாக்குண்டபோது, மறுநாளே நட்பு நாடுகள் அதற்குத் துணை நிற்பதாக அறிவித்தன. காக்க வந்தவனைக் காக்கப்பட்டவர்கள் தாங்கிய நிகழ்ச்சி அது.

2016-இல் தேர்தலில் நின்ற டிரம்ப், இக்கூட்டமைப்பு காலங்கடந்தது என்றார். மீண்டும் போட்டியிட்ட காலத்தில், 2024 பிப்ரவரியில், பாதுகாப்புக்குப் போதிய பொருள் செலவிடாத நாடுகளைக் காக்கமாட்டேன் என்னும் பொருள்படப் பேசினார். அதற்குச் சற்று முன்பு, 2023 டிசம்பரில், செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைவோ காங்கிரசின் சட்டமோ இன்றி எந்த அதிபரும் உடன்படிக்கையினின்றும் விலகலாகாது என்று சட்டம் இயற்றப்பட்டது. 2024 நவம்பரில் டிரம்ப் வென்றார். 2025 ஜூன் திங்களில் ஹேக் நகரில் கூடிய 32 நாடுகள், 2035-க்குள் தம் நாட்டு வருமானத்தில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கும் அதனைச் சார்ந்த பணிகளுக்கும் ஒதுக்குவதென்று முடிவு செய்தன. ஸ்பெயின் மட்டும் அவ்வளவு இயலாது என்றது.

2023-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறும் வாயிலை அடைத்தது உண்மையே. ஆனால், உள்ளே இருந்துகொண்டே கை கட்டி நிற்பதை எந்தச் சட்டத்தால் தடுக்க இயலும்? தேவையெனக் கருதும் நடவடிக்கை என்று 1949-இல் எழுதிய சொற்களுக்கு, தேவையில்லை எனக் கருதும் உரிமையும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டில் உள்ளதைக் கறியாக்குவது மனிதர் உள்ளம்.

1952-இல் அந்த உள்ளத்தை ஒருவர் சோதித்தறிந்து, தாமே களத்தில் இறங்கினார். அத்தகையவர் ஒவ்வொரு தேர்தலிலும் வருவார் என்று எந்த நாடும் நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது. ஐரோப்பிய நாடுகள் தம் தோள்வலிமையைப் பெருக்கிக்கொள்வது அமெரிக்காவின் மீதுள்ள வெறுப்பால் நேர்வதன்று. டாப்டும் ஐசனோவரும் ஒருங்கே வேண்டிய கடமையை எழுபது ஆண்டுகள் கழித்து ஆற்றுவதேயாகும். தானும் நிற்கவல்லவனுக்கே துணை துணையாகும். நிற்கமாட்டாதவனுக்குத் துணை என்பது பிறர் தயவு. தயவுக்குத் தவணை உண்டு. அமெரிக்காவில் அத்தவணை நான்கு ஆண்டுகள்.